இலைச்சத்தும் கண்ணொளியும்

நுழையும்முன்

கண்ணுக்குக் கீரை நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'கண்ணுக்கான வைட்டமின்' என்று அச்சிட்ட மாத்திரைப் பெட்டிகளை மருந்துக்கடையிலும் பார்த்திருப்பீர்கள். கீரை யாருக்குப் போதும்? மாத்திரை யாருக்குத் தேவை? யாருக்கு அது வீண்செலவு? குன்னூர், சென்னை, திருச்சிராப்பள்ளி, மதுரை ஆகிய ஊர்களில் நடந்த ஆய்வுகள் இவ்வினாக்களுக்குத் தந்த விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கரமனையின் இரு கடைகள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆற்றங்கரையில் அமைந்த பழைய ஊர் கரமனை. ஆற்றின் பெயரும் அதுவே. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்கள் இங்கு உள்ளன. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த பண்ணைமுறை ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரில் இருக்கிறது. சிறிய வீட்டு நிலத்தில் பயிரையும் கால்நடையையும் இணைத்து வளர்க்கும் வழிகளை அந்நிலையம் ஆராய்ந்து வருகிறது.

இவ்வூர்க் கடைத்தெருவில் காய்கறிக்கடையும் மருந்துக்கடையும் அருகருகே நிற்பதைக் காணலாம். ஒன்றில் செங்கீரைக் கட்டும் முருங்கைக்கீரையும் கிடைக்கும். மற்றொன்றில் அதே சத்துகள் மாத்திரையாகக் கிடைக்கும். ஒரு மாத்திரை அட்டையின் விலையில் பல நாளைக்குக் கீரை வாங்கலாம். எனினும் கண் மங்கும்போது மக்கள் முதலில் நாடுவது மாத்திரையைத்தான். அந்த நம்பிக்கை முழுவதும் தவறன்று, முழுவதும் சரியுமன்று.

இலையின் பெயர் பெற்ற சத்து

கண்ணுக்கான மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலம் இடம்பெறுகிறது. இது உயிர்ச்சத்து பி தொகுதியைச் சேர்ந்தது. இயற்கை உணவில் இருக்கும்போது இதனை ஃபோலேட் என்பர். 'ஃபோலியம்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு இலை என்பது பொருள். 1941ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாசில் அறிவியலாளர்கள் டன் கணக்கில் பசலையினக் கீரையைப் பிழிந்து இச்சத்தைப் பிரித்தெடுத்தமையால் இப்பெயர் அமைந்தது. ஆனால் இச்சத்தின் வரலாறு தொடங்கியது டெக்சாசில் அன்று, இந்தியாவில்.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1928ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்தார். துணியாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தனர். நோயின் காரணம் கிருமி என்று சிலர் கருதினர். வில்ஸ் அப்பெண்களின் அடுக்களையை நோக்கினார். பழமும் காய்கறியும் குறைவாக உண்டவர்களிடமே நோய் மிகுதியாக இருந்தது. 1929ஆம் ஆண்டு அவர் தம் ஆய்வை நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திற்கு மாற்றிக்கொண்டார். இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியை வளர்த்த ராபர்ட் மக்காரிசன் அப்போது குன்னூரில் பணியாற்றி வந்தார். 1931ஆம் ஆண்டு வில்ஸ் சென்னையிலிருந்த கோஷா மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். ஈஸ்ட்டிலிருந்து வடித்தெடுத்த 'மார்மைட்' என்னும் மலிவான கூழ் இந்நோயைத் தீர்ப்பதை அவர் கண்டறிந்து வெளியிட்டார். அதில் இருந்த சத்து எதுவென்று அன்று எவருக்கும் தெரியாது. பெயர் தெரியாத அதனை 'வில்ஸ் காரணி' என்றே உலகம் அழைத்தது. ஃபோலேட் என்பது அதற்குப் பின்னர் வந்த பெயர்.

இச்சத்தை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் ஓர் இந்தியரே. அவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். ஆந்திரப் பகுதியிலுள்ள பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 'ஸ்ப்ரூ' என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோய்க்குத் தம் உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தவர். தாமும் அந்நோயால் வருந்தியவர். 1922ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற அவர், லெடர்லே ஆய்வகத்தில் இருந்தபோது 1945ஆம் ஆண்டளவில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தொகுத்து உருவாக்கியது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதுவே மருந்தாயிற்று. சுப்பாராவின் பெயரை நம் பாடநூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லியிருக்கலாம்.

ஃபோலேட்டுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?

உடலில் புதிய அணுக்கள் தோன்றும் இடமெல்லாம் ஃபோலேட் தேவைப்படுகிறது. கருவில் உள்ள குழந்தையின் விழித்திரை, மூளை உருவாகும் நரம்புக்குழலிலிருந்தே மொட்டுப்போல் அரும்பி வளர்கிறது. இது நிகழ்வது கருவின் நான்காம் வாரத்தில். தாய் தான் கருவுற்றிருப்பதைப் பல வேளைகளில் அறியாத காலம் அது. அக்காலத்தில் ஃபோலேட் குறைந்தால் நரம்புக்குழல் சரிவர மூடாமற்போகும் இடர் கூடுகிறது. கருத்தரிக்கும் முன்னரே ஃபோலிக் அமிலம் கொடுத்தால், முன்பு இக்குறையுடன் குழந்தை பெற்ற தாய்மாருக்கு அது மீண்டும் நேராமல் பெருமளவு தடுக்கலாம் என்பதை 1991ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று மெய்ப்பித்தது. கருவுறும் தாய்க்குத் தரும் ஃபோலிக் அமில மாத்திரை கீரைக்கு மாற்றன்று, உயிர்காக்கும் மருந்து.

பெரியவர்களின் கண்ணில் ஃபோலேட் வேறொரு வகையில் செயற்படுகிறது. நம் உடலில் 'ஹோமோசிஸ்டீன்' என்னும் அமினோ அமிலம் ஓயாது உண்டாகிறது. ஃபோலேட்டும் பி6, பி12 ஆகிய உயிர்ச்சத்துகளும் சேர்ந்து அதனை வேறு பொருளாக மாற்றுகின்றன. இவை குறைந்தால் ஹோமோசிஸ்டீன் இரத்தத்தில் தேங்கும்; அது மிகுந்தால் மெல்லிய இரத்தக்குழாய்களின் உட்சுவர் கெடும் என்பது மருத்துவர் கருத்து. உடலிலேயே மிக மெல்லிய குழாய்கள் சில விழித்திரையில்தான் உள்ளன. மேலும், கடுமையான ஃபோலேட் குறைவால் வரும் இரத்தசோகையில் விழித்திரையில் இரத்தக்கசிவும் ஏற்படலாம். பார்வை நரம்பும் தளரலாம்.

பார்வை நரம்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு கியூபா நாடு சான்று. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் அந்நாட்டில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1991 முதல் 1993 வரை 50,000க்கும் மேற்பட்டோர் பார்வை மங்கலுக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் ஆளாயினர். நிறங்களை அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. உணவுக்குறையும் புகைப்பழக்கமும் இணைந்து பார்வை நரம்பைத் தாக்கியிருந்தன. 1993இல் நாட்டு மக்கள் அனைவருக்கும் உயிர்ச்சத்து மாத்திரைகள் வழங்கப்பட்டன. நோய் தணிந்தது. சத்துக்குறைவால் வந்த பார்வைக்கேட்டுக்கு, உரிய நேரத்தில் கொடுத்த மாத்திரை கைகொடுத்தது.

மாலைக்கண்ணும் திருச்சிராப்பள்ளிக் குழந்தைகளும்

கண்ணையும் உணவையும் இணைத்துப் பேசும்போது உயிர்ச்சத்து ஏ-வை விட்டுவிட முடியாது. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் அணுக்கள் உள்ளன. அவற்றிலுள்ள செந்நிறப் பொருள் உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து உருவாவது. விழித்திரையில் இச்சத்து இருப்பதைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்டு 1967ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இச்சத்துக் குறைந்த குழந்தை அந்தி சாய்ந்ததும் பொருள்களில் முட்டிக்கொள்ளும். தட்டில் இருக்கும் சோற்றைத் தடவி எடுக்கும். இதையே நம் முன்னோர் மாலைக்கண் என்றனர். குறை முற்றினால் வெண்விழியில் நுரைபோன்ற புள்ளி தோன்றும். பின்னர்க் கருவிழியின் மேற்படலம் உலர்ந்து, உருகி, பார்வை அறவே போய்விடும். உருகிய படலத்தை எந்த மாத்திரையும் மீட்டுத் தராது.

சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் இயக்குநராக இருந்த காலத்தில், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இக்கொடுமையைத் தடுக்க எளிய வழி ஒன்றை ஆராய்ந்தது. உயிர்ச்சத்து ஏ கல்லீரலில் சேமிக்கப்படும் தன்மையுடையது. ஆகவே ஒரே வேளையில் மிகுதியாகக் கொடுத்தால் பல மாதங்களுக்குப் போதும். இதன் அடிப்படையில் இந்திய அரசு 1970ஆம் ஆண்டு தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியுடன் 1 லட்சம் அலகும், அதன்பின் ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2 லட்சம் அலகும் சொட்டு மருந்தாக வழங்கப்படுகின்றன.

1986ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் ஆல்ஃபிரட் சோமர் என்னும் கண்மருத்துவர் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டார். உயிர்ச்சத்து ஏ பெற்ற குழந்தைகளிடையே கண்நோய் மட்டுமன்றி, இறப்பும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பலர் இதனை நம்பவில்லை. இதனை வேறோரிடத்தில் சோதிக்க வேண்டியிருந்தது. அவ்விடங்களில் ஒன்று திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரகமத்துல்லாவும் அவர்தம் குழுவினரும் அங்கு 15,419 சிறு குழந்தைகளைக் கண்காணித்தனர். ஊர்ப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாரம் ஒருமுறை மருந்து கொடுத்தனர். ஒரு பிரிவினருக்கு உயிர்ச்சத்து ஏ சிறிதளவு கிடைத்தது. மற்றொரு பிரிவினருக்கு அது இல்லாத மருந்து கிடைத்தது. யாருக்கு எது என்பது கொடுத்தவர்க்கும் தெரியாது. ஓராண்டு கடந்தபின் கணக்கிட்டபோது, உயிர்ச்சத்துப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. இம்முடிவு 1990ஆம் ஆண்டு வெளியாயிற்று.

இவ்வாய்வில் கொடுக்கப்பட்டது அரசுத் திட்டத்தின் பெருமருந்து அன்று. நல்ல உணவிலிருந்தே ஒரு குழந்தை பெறக்கூடிய அளவுதான் ஒவ்வொரு வாரமும் கொடுக்கப்பட்டது. அக்குழந்தைகளின் தட்டில் கீரையும் பாலும் முட்டையும் முறையாக இருந்திருந்தால் அவர்களுள் பலர் பிழைத்திருக்கக்கூடும் என்று இதனைப் படிக்கும்போது எண்ணத் தோன்றுகிறது. பிற்காலத்தில் கோபாலனும் பெருமருந்தை எல்லாக் குழந்தைகளுக்கும் காலவரையின்றிக் கொடுப்பதை ஏற்கவில்லை. உணவே நிலையான வழி என்று வாதிட்டார். 2013ஆம் ஆண்டு வெளியான உத்தரப் பிரதேச ஆய்வு, ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகளிடையே நடந்தது. அதில் இறப்புக் குறைவு 4 விழுக்காடு அளவே. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்னும் அளவில்தான் இருந்தது. காலம், ஊர், உணவு, தட்டம்மைத் தடுப்பூசி ஆகியவை மாறும்போது மருந்தின் பயனும் மாறும். அறிஞரிடையே இவ்வாதம் இன்னும் ஓயவில்லை.

மாத்திரை உதவாத இடம்

கண்புரை நம் நாட்டில் முதியோரின் பார்வையைப் பறிக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. விழிவில்லை பழுப்பதால் இது வருகிறது. உயிர்ச்சத்து ஏ-யாக உடலில் மாறும் பீட்டா கரோட்டினும், உயிர்ச்சத்து சி, ஈ ஆகியவையும் இப்பழுப்பைத் தடுக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். எதிர்பார்ப்பு நியாயமானதே. அதனைச் சோதிக்க மதுரையை அடுத்த ஐந்து சிற்றூர்களில் 35 முதல் 50 வயது வரையுள்ள 798 பேர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். இச்சத்துகள் குறைந்த உணவையே பெரும்பாலும் உண்டு வந்தவர்கள் அவர்கள். ஐந்து ஆண்டுகள், வாரம் மூன்று முறை மாத்திரை. 2006ஆம் ஆண்டு வெளியான முடிவு: இரு பிரிவினர்க்கும் கண்புரை ஒரே போல் வளர்ந்தது. கண்புரைக்கு இன்றுவரை அறுவை மருத்துவமே வழி.

முதுமைசார் விழித்திரைச் சிதைவு என்பது வேறொரு நோய். விழித்திரையின் நடுப்பகுதி தேய்வதால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. ஓரங்கள் மட்டும் தெரியும். அமெரிக்காவில் இதய நோய் உள்ள, அல்லது அது வரும் இடர் மிகுந்த பெண்களுக்கு ஃபோலிக் அமிலமும் பி6, பி12 ஆகியவையும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் கொடுத்து ஆராய்ந்தனர். 2009ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. மாத்திரை உண்டவர்களுள் 55 பேருக்கும், உண்ணாதவர்களுள் 82 பேருக்கும் இச்சிதைவு வந்திருந்தது. ஃபோலேட் கண்ணுக்கு உதவும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் இதனை ஒரே ஆய்வின் சொல் என்றே கொள்ள வேண்டும். அதே பெண்களிடம் கண்புரை குறையவில்லை என்பதும் பின்னர்த் தெரியவந்தது.

சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், செம்பு ஆகியவை அடங்கிய மாத்திரை, இச்சிதைவு ஓரளவு முற்றியவர்களுக்கு மட்டும் அது மேலும் முற்றும் இடரை 25 விழுக்காடு குறைத்தது என்று 2001ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. நோயே இல்லாதவர் அதனை உண்பதால் நோய் தடுக்கப்படும் என்று அவ்வாய்வு கூறவில்லை. கடைகளில் விற்பனையாகும் 'கண் வைட்டமின்' பெரும்பாலும் இவ்வாய்வின் பெயராலேயே விற்கப்படுகிறது. ஆனால் 'மட்டும்' என்ற சொல்லைக் கடையில் யாரும் சொல்வதில்லை. புகைப்பிடிப்போர் பீட்டா கரோட்டின் மாத்திரையை உண்ணலாகாது. பின்லாந்தில் புகைப்பழக்கமுள்ள 29,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஆராய்ந்தபோது, அம்மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்று கூடியிருந்தது. இவ்விடர் கேரட்டிலும் கீரையிலும் இல்லை, மாத்திரையில் இருந்தது.

மிகுந்தாலும் தீங்கு

உயிர்ச்சத்து ஏ கல்லீரலில் சேர்வதால், தேவைக்கு மேல் உண்டால் நஞ்சாகும். தலைவலி, வாந்தி, கல்லீரல் கேடு முதலியன வரும். கருவுற்ற பெண் அளவுக்கு மிஞ்சி உண்டால் குழந்தையின் உறுப்புகள் குறைபடக்கூடும். ஃபோலிக் அமிலத்தில் இருக்கும் இடர் வேறு வகையானது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை நீங்கிவிடும்; குறை தீர்ந்தது போலத் தோன்றும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். பார்வை நரம்பும் அதில் அடங்கும். பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை. கரமனை அக்கிரகாரத்தைப் போலப் புலால் உண்ணாத குடும்பங்கள் மிகுந்த இடங்களில் பாலும் தயிரும் மோரும் பி12 கிடைக்கும் வாயில்கள். முதியவர்கள் அவற்றையும் குறைத்துவிடும்போது மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

அடுக்களையில்

கண்ணுக்குக் கேரட் என்னும் புகழுக்கு ஒரு போர்க்கதையும் காரணம். இரண்டாம் உலகப்போரில் இரவில் பகை விமானங்களை வீழ்த்திய தம் விமானிகள் கேரட் உண்டதாலேயே அவ்வாறு செய்ய முடிந்தது என்று இங்கிலாந்து பரப்பியது. 'ராடார்' கருவியை மறைக்கவே அப்பேச்சு. உண்மையில் இந்திய உணவு அட்டவணைப்படி 100 கிராம் கேரட்டில் சுமார் 5,400 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் உள்ளது. முருங்கைக்கீரையில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உள்ளது. கொல்லையில் நிற்கும் மரத்துக்கு விளம்பரம் செய்வார் யாருமில்லை.

பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. கீரையோடு சிறிது எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தால்தான் உடல் அதனை நன்கு ஏற்கும். தேங்காய் சேர்த்து வதக்கும் திருவனந்தபுரத்துச் சீரைத் தோரன் இவ்வகையில் மிகப் பொருத்தமான உணவு. ஃபோலேட்டோ நீரில் கரைவது, வெப்பத்தில் அழிவது. கீரையை நீண்ட நேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் ஃபோலேட்டும் அந்நீரோடு போய்விடும். குறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரோடு மசிக்கும் தமிழர் வழக்கம் இச்சத்தைக் காக்கிறது. பாசிப்பயறு, கடலை, உளுந்து ஆகியவற்றிலும் ஃபோலேட் உண்டு. பெண்களுக்கு நாள்தோறும் 220 மைக்ரோகிராமும், கருவுற்றவர்களுக்கு 570 மைக்ரோகிராமும் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. முதல் அளவைப் பருப்பும் கீரையும் தந்துவிடும். இரண்டாவதை உணவால் மட்டும் எட்டுவது அரிது.

திருவனந்தபுரம் சிறீகாரியத்தில் 1963ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 'பூ சோனா' என்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கை உருவாக்கியுள்ளது. அதன் சதை ஆரஞ்சு நிறம். 100 கிராமில் சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உள்ளது. வழக்கமான வகைகளில் 2 அல்லது 3 மில்லிகிராம்தான். கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் குழந்தையும் அவித்த கிழங்கை ஒதுக்குவதில்லை.

பள்ளிகளில் 10 வயதுக்கு மேற்பட்டோர்க்கு வாரந்தோறும் நீலநிற மாத்திரை வழங்கப்படுகிறது. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வெறும் வயிற்றில் உண்டால் சிலருக்குக் குமட்டும் என்பதால் உணவுக்குப் பின்னரே உண்ணச் சொல்கின்றனர். இரத்தசோகையைத் தடுப்பதே இதன் நோக்கம். பம்பாயிலும் சென்னையிலும் லூசி வில்ஸ் மார்மைட்டைக் கொடுத்ததும் அதே நோயைத் தீர்க்கத்தான்.

சொற்பொருள்

விழித்திரை – கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் படலம்
கண்புரை – விழிவில்லை ஒளி ஊடுருவாதபடி மங்குதல்
மாலைக்கண் – அந்திக்குப்பின் பார்வை தெரியாமை
காரணி – ஒரு விளைவை உண்டாக்கும் பொருள்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: கண்ணொளி, விழித்திரை, செங்கீரை.
2. லூசி வில்ஸ் நோயின் காரணத்தைக் கிருமியில் தேடாமல் உணவில் தேடியது ஏன்?
3. திருச்சிராப்பள்ளி ஆய்வில் பயன் தந்த உயிர்ச்சத்து, மதுரைச் சிற்றூர்களின் கண்புரை ஆய்வில் பயன் தரவில்லை. இரு ஆய்வுகளிலும் பங்கேற்றோரின் வயதையும் நோயையும் ஒப்பிட்டு விடை எழுதுக.
4. 'பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தல் ஆகாது.' காரணம் கூறுக.
5. உங்கள் வீட்டிலுள்ள சத்து மாத்திரை அட்டை ஒன்றின் பின்புறத்தைப் படித்து, அதிலுள்ள சத்துகளின் பெயர்களையும் அளவுகளையும் தமிழில் எழுதி வருக. மாத்திரையை உண்ண வேண்டா.